கடலில்லாத் துறைமுகம்

துறைமுகம் என்ற சொல்லைக் கேட்ட அளவில் நம் மனக்கண்முன் எழுவன கப்பலும், கலங்கரை விளக்கமும், உப்புக்காற்றும், மூட்டை சுமக்கும் தொழிலாளரும் ஆகும். ஆயினும், சற்றே ஆழ்ந்து நோக்கினால், ஓர் ஊரைத் துறைமுகமாக்குவது அதன் ஓரத்தில் கிடக்கும் நீர் அன்று என்பது விளங்கும். எங்கிருந்தோ வருகின்றவனுக்குத் தங்க ஓர் இடம், அவன் மொழியில் அவனுக்கு விடை சொல்ல ஒரு வாய், அவன் கொணர்ந்த நாணயத்தை மாற்றித் தர ஒரு கை, அவன் சரக்குக்கு விலை பேச ஒரு தரகர், மீண்டும் அவனை ஊருக்கு அனுப்பிவைக்க ஒரு வண்டி ஆகிய இவ்வைந்தும் எங்கே ஒருங்கே அமைந்துள்ளனவோ, அங்கே ஒரு துறைமுகம் இருக்கின்றது. கடல் இருந்தால் நன்று, இல்லாவிடினும் குறையில்லை.

சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் கரிபியன் கடலில் விளங்கிய துறைமுக நகரங்களை எண்ணிப் பார்ப்போம். டிரினிடாடின் போர்ட் ஆப் ஸ்பெயின், ஜமைக்காவின் கிங்ஸ்டன், பிரெஞ்சுத் தீவாகிய குவாதலூப்பின் புவேந்த்-ஆ-பித்ர் முதலிய பட்டினங்களிலிருந்து சர்க்கரையும் ‘ரம்’ என்னும் மதுவும் பிற விளைபொருள்களும் கப்பலேறின. மாவும், துணியும், உப்பிட்ட மீனும் வந்து இறங்கின. ஆப்பிரிக்க வழியினர், ஐரோப்பியர், சீனர், சிரியா நாட்டு வணிகர், இந்தியர் எனப் பல இனத்தாரும் ஒரே வீதியில் வாங்கினர், விற்றனர். பிரெஞ்சுத் தீவுகளின் பெண்டிர் தலையில் கட்டிய கட்டம்போட்ட பருத்தித் துணிக்கு ‘மதராஸ்’ என்றே பெயர். நம் கரையிலிருந்து சென்ற துணி, தான் பிறந்த ஊரின் பெயரை அங்கே இன்றளவும் சுமந்து நிற்கின்றது. அத்தீவுகள் நமக்குச் சொல்ல வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அதனைக் கட்டுரையின் பிற்பகுதியில் கேட்போம்.

இப்பொழுது நாம் குடியிருக்கும் ஊர்களைப் பார்ப்போம். சித்தூருக்கும் கடல் இல்லை. திருப்பதிக்கும் கடல் இல்லை. எனினும், மேலே கூறிய ஐந்தும் இவ்விரண்டு ஊர்களிலும் நெடுங்காலமாக உண்டு. ஆகவே, இவை கடலில்லாத் துறைமுகங்கள் எனக் கூறுதல் மிகையாகாது. இத்துறைமுகங்களில் வந்து ஒதுங்கிய தமிழ்க் குடும்பங்களாகிய நாம், இவற்றின் வாழ்வையும் வணிகத்தையும் அறிந்துகொள்வது பொழுதுபோக்குக்காக அன்று. நம் பிள்ளைகள் எம்மொழியில் வாழப்போகிறார்கள் என்னும் கேள்விக்கு விடை இதனுள்ளேயே இருக்கின்றது.

மலையடிவாரத்துத் துறை

திருப்பதியைப் பக்திக் கண்கொண்டு பார்ப்பவர் கோடி. வணிகக் கண்கொண்டு பார்ப்பவர் சிலரே. ஆனால், மலைக்கோயிலின் கற்சுவர்களே ஒரு பெரிய கணக்கேடு போலத்தான் அமைந்துள்ளன. 10-ஆம் நூற்றாண்டில் சாமவை என்னும் பல்லவ அரசி வெள்ளித் திருமேனி ஒன்றை அளித்து, அதன் பூசைக்கு நிலமும் விட்ட செய்தி அங்கே கல்லில் பொறிக்கப்பட்டுள்ளது. திருமலையிலும் திருப்பதியிலும் உள்ள நூற்றுக்கணக்கான கல்வெட்டுகளில் மிகப் பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை. தெலுங்கிலும் கன்னடத்திலும் வடமொழியிலும் அமைந்தவையும் உண்டு. தேவஸ்தானத்தார் 1931 முதல் இவற்றைத் தொகுதிகளாக வெளியிட்டுள்ளனர்.

இக்கல்வெட்டுகளைப் படிப்போர்க்கு ஒரு வியப்பு காத்திருக்கின்றது. விஜயநகர மன்னர் காலத்தில் பக்தர்கள் கோயிலுக்கு அளித்த பொன்னை அதிகாரிகள் பெட்டியில் பூட்டி வைக்கவில்லை. கோயில் கிராமங்களில் ஏரியும் கால்வாயும் வெட்டுவதற்கு அதனைச் செலவிட்டனர். நீர் பெருகியது, நிலம் விளைந்தது, விளைச்சல் உயர்ந்ததால் வந்த மிகுதியிலிருந்து, பொருள் அளித்தவர் பெயரால் நாள்தோறும் அமுது படைக்கப்பட்டது. படைத்த அமுதில் ஒரு பங்கு, பொருள் அளித்தவர்க்கே உரியது. அதற்கு ‘விட்டவன் விழுக்காடு’ என்று பெயர். முதல் அழியாமல் பலன் மட்டும் செலவாகும் இம்முறையை இன்றைய வங்கிக்காரர் கேட்டாலும் தலையசைப்பர்.

பின்னாளில் நிர்வாகம் கைமாறியது. கிழக்கிந்தியக் கம்பெனியார் கோயில் வருவாயைக் கையாண்டனர். 1843 முதல் 1933 வரை ஹாதிராம்ஜி மடத்து மகந்துகள் நிர்வகித்தனர். 1932-இல் சென்னைச் சட்டசபை இயற்றிய சட்டத்தின் பேரில் தேவஸ்தானக் கமிட்டி அமைந்தது. வடநாட்டிலிருந்து வந்த மடத்தார் நிர்வாகம் செய்ய, தமிழ் வைணவர் பிரபந்தம் ஓத, தெலுங்கர் அன்னமாச்சாரியாரின் கீர்த்தனை பாட, கன்னடியரும் மராத்தியரும் வரிசையில் நின்ற ஊர் இது. வந்தவர் எவர், இருந்தவர் எவர் என்று பிரிப்பதற்கு இங்கே எளிதில் இயலாது.

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இருப்புப்பாதை வந்தது. காட்பாடியிலிருந்து சித்தூர், பாகாலா, சந்திரகிரி வழியாகத் திருப்பதிக்கு மீட்டர் பாதை ஒன்று ஓடியது. சென்னை–பம்பாய் அகலப்பாதை அண்மையிலுள்ள ரேணிகுண்டா வழியாகச் சென்றது. தெற்கிலிருந்து வந்தவர் ஒரு வண்டியிலும், வடக்கிலிருந்து வந்தவர் மற்றொரு வண்டியிலும் வந்து இறங்கினர். ரயிலடியே இத்துறைமுகத்தின் படித்துறை ஆயிற்று. அதனையடுத்துச் சத்திரங்களும், கோவிந்தராசர் கோயிலைச் சூழ்ந்த வீதிகளில் கடைகளும் பெருகின.

1944-ஆம் ஆண்டு வரை மலைக்கு மோட்டார்ப் பாதை இல்லை. அலிபிரியிலிருந்து மூவாயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்ட படிகளை நடந்தே ஏற வேண்டும். இயலாதவர் டோலியில் சென்றனர். கீழ்த் திருப்பதியில் இரவு தங்கி, பொழுது புலர்வதற்கு முன்னர் மலையேறுவது வழக்கம். அதனால் அடிவாரத்தில் அரிசிக்கடைக்கும் பாத்திரக் கடைக்கும் வேலை இருந்தது. 1944-இல் மலைப்பாதை திறக்கப்பட்டபின் டோலி சுமந்தோரின் தொழில் சுருங்கியது. மோட்டார் ஓட்டுநரின் தொழில் விரிந்தது. 1970-களில் இரண்டாவது பாதையும் வந்தது. துறைமுகத்தில் பாய்மரக் கப்பல் போய் நீராவிக் கப்பல் வந்ததற்கு ஒப்பான மாறுதல் இது.

புரட்டாசி மாதத்தில் இவ்வூரைப் பார்த்தல் வேண்டும். பிரம்மோற்சவத்தை முன்னிட்டுச் சென்னையிலிருந்து திருக்குடைகள் ஊர்வலமாகப் புறப்பட்டு வருகின்றன. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஆண்டாள் சூடிக் களைந்த மாலை கருட சேவைக்கு வருகின்றது. சேலத்தாரும், மதுரையாரும், தஞ்சையாரும் மஞ்சள் துணியில் முடிந்து வைத்த காணிக்கையோடு வந்து சேர்கின்றனர். அந்நாட்களில் குங்குமம் விற்கும் தெலுங்கு அம்மாள் தமிழில் விலை சொல்லுகின்றாள். ‘ரெண்டு ரூபாய்க்கு வருமா அம்மா?’ என்று கேட்டால், ‘ராது அம்மா, கட்டாது’ என்று இருமொழியும் கலந்து விடை வருகின்றது. இலக்கணம் படித்தவர் இதனைக் கேட்டு முகம் சுளிக்கலாம். நாம் சுளிக்கமாட்டோம். ஒரு துறைமுகத்தின் உயிர்மூச்சு அவ்விடையில் இருக்கின்றது.

உண்டியல் என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். முன்னாளில் ஓரூரில் பணம் கட்டி மற்றோரூரில் பெற்றுக்கொள்ள வணிகர் எழுதிய சீட்டுக்கும் உண்டியல் என்றே பெயர். இன்று கோயிலில் காணிக்கை செலுத்தும் இடத்துக்கு அப்பெயர் நிலைத்துவிட்டது. அவ்வுண்டியலில் விழுவனவற்றை எண்ணிப் பிரிக்கும் பரகாமணியில் நம் நாட்டு நாணயத்தோடு அயல்நாட்டு நாணயங்களும் தாள்களும் வந்து சேர்கின்றன. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இலங்கையிலும் வாழும் நம்மவர் அனுப்பியவையும் அவற்றுள் இருக்கும். எந்தத் துறைமுகத்து நாணய மாற்றுக் கடையிலும் இத்தனை நாட்டு முத்திரைகளை ஒருங்கே காண்பது அரிது.

மலையில் பக்தர் இறக்கும் முடியும் கடல் கடக்கின்றது. முடி இறக்குபவர் தம் செருக்கை இறக்கி வைப்பதாகவே எண்ணுகின்றார். தேவஸ்தானமோ அம்முடியைத் தரம் பிரித்து ஏலத்தில் விற்று, வரும் தொகையைக் கோயிற் கணக்கில் சேர்க்கின்றது. 1960-களில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பொய்முடி அணியும் வழக்கம் பரவியபோது இந்திய முடிக்குத் தேவை மிகுந்தது. 2004-ஆம் ஆண்டில் ஒரு விசித்திரம் நிகழ்ந்தது. திருப்பதியில் இறக்கிய முடி பிற சமய வழிபாட்டில் அளித்த பொருள் என்று வைதிக யூத குருமார் சிலர் தீர்ப்பளிக்கவே, இஸ்ரேலிலும் நியூயார்க்கிலும் அச்சமயத்துப் பெண்டிர் தங்கள் பொய்முடிகளைத் தெருவில் இட்டுக் கொளுத்தினர். நம் மலையடிவாரத்து நாவிதரின் கத்திக்கும், கடலுக்கு அப்பால் எரிந்த தீக்கும் இடையே இருந்தது வணிகம் என்னும் ஒரு நூலே.

துறைமுகம் என்றால் அதற்கு ஒரு இருண்ட பக்கமும் உண்டு. சேஷாசலக் காடுகளில் விளையும் செம்மரம் உலகில் வேறு மிகச் சில இடங்களிலேயே இயற்கையாக விளைகின்றது. கம்பெனி காலத்தில் சாயத்துக்காக ஐரோப்பாவுக்குச் சென்றது. பின்னர் இசைக்கருவி செய்ய ஜப்பானுக்குச் சென்றது. 1995 முதல் அனைத்துலக ஒப்பந்தத்தின்படி அதன் வணிகம் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. கட்டுப்பாடு வந்த இடத்தில் கள்ளக் கடத்தலும் வந்தது. தரகரின் ஆசைவார்த்தையை நம்பித் தமிழ்நாட்டு மலைப்பகுதிகளிலிருந்து ஏழைத் தொழிலாளர் மரம் வெட்ட வந்தனர். 2015 ஏப்ரல் 7-ஆம் நாள் அக்காட்டில் போலீசார் சுட்டதில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 20 பேர் மாண்டனர். அவர்களும் பிழைப்பைத் தேடி எல்லை கடந்து வந்தவர்களே. நாம் நல்ல வாயில் வழியாக வந்தோம். அவர்களுக்கு அவ்வாயில் திறந்திருக்கவில்லை. இதனை மறந்துவிட்டு இவ்வூரின் வணிகச் சிறப்பை மட்டும் பாடுதல் நேர்மையாகாது.

வெல்ல மண்டியின் மொழி

சித்தூரின் கதை வேறு. அங்கே யாத்திரிகர் கூட்டம் இல்லை. கச்சேரிகளும் மண்டிகளும் உண்டு. 1911-ஆம் ஆண்டு வரை சித்தூர் வட ஆர்க்காடு ஜில்லாவின் தலைநகராய் இருந்தது. அவ்வாண்டு ஏப்ரல் முதல் நாள், வட ஆர்க்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் தாலூகாக்களைப் பிரித்துச் சித்தூர் ஜில்லா அமைக்கப்பட்டது. வட ஆர்க்காட்டின் தலைநகர் வேலூருக்குச் சென்றது. எனவே, சித்தூரின் பழைய பத்திரங்களையும் வழக்குகளையும் இருமொழியும் அறிந்த குமாஸ்தாக்கள் இல்லாமல் நடத்த இயலாது. அவ்வேலைகளை நாடி வந்த குடும்பங்கள் பல.

ஆயினும், சித்தூருக்குப் புகழ் தந்தது வெல்லம். சுற்றுப்புறக் கிராமங்களில் கரும்பு வெட்டும் பருவம் வந்தால் ஆலைகள் ஓயாமல் சுழலும். பிழிந்த சாற்றைப் பெரிய கொப்பரையில் ஊற்றி, அடியில் கரும்புச் சக்கையையே எரித்துக் காய்ச்சுவர். சிறிது சுண்ணாம்பு சேர்ப்பர். மேலே பொங்கும் அழுக்கை அகப்பையால் வழித்தெடுப்பர். பதம் அறிந்தவர் ஒருவர் அருகில் நிற்பார். பாகைத் தண்ணீரில் இட்டு விரலால் உருட்டிப் பார்த்து அவர் ‘போதும்’ என்றால் போதும். ஒரு நொடி தாழ்ந்தால் வெல்லம் கருகும். ஒரு நொடி முந்தினால் இளகும். உருட்டியும் அச்சில் வார்த்தும் எடுத்த வெல்லம் மாட்டுவண்டியேறி மண்டிக்கு வரும். அங்கிருந்து வேலூருக்கும், சென்னைக்கும், அதற்கப்பாலும் செல்லும். தமிழ்நாட்டில் தைப்பொங்கல் பானையில் இட்ட வெல்லத்தில் சித்தூர் வெல்லமும் கலந்திருக்கக் கூடும் என்பதைப் பலர் எண்ணியிருக்க மாட்டார்கள்.

மண்டியில் எம்மொழி பேசினார்கள்? இக்கேள்வி சுவையானது. தமிழன் வீசை என்றான். தெலுங்கன் வீசெ என்றான். தமிழன் மணங்கு என்றான். தெலுங்கன் மணுகு என்றான். பலம் என்பது பலமு ஆயிற்று. 40 பலம் ஒரு வீசை. 8 வீசை ஒரு மணங்கு. இக்காலக் கணக்கில் ஒரு மணங்கு ஏறத்தாழ 11 கிலோ. ‘ரெண்டு’ என்று நம் வீட்டில் சொல்வதும் அவர்கள் வீட்டில் சொல்வதும் ஒன்றே. ‘ஆறு’ என்பதும் அவ்வாறே. நிறுக்கும் தராசு இரு தட்டு உடையது. ஆனால், முள் ஒன்றே அன்றோ!

தென்னாட்டுச் சந்தைகளில் மற்றுமொரு வழக்கம் இருந்தது. விலை பேசுவோர் இருவரும் தோள்துண்டால் கைகளை மூடிக்கொண்டு, விரல்களைத் தொட்டும் அழுத்தியும் விலையைச் சொல்லுவர். சுற்றி நிற்போர்க்கு ஒன்றும் தெரியாது. வாய் பேசாது, விரல் பேசும். விரலுக்குத் தமிழும் இல்லை, தெலுங்கும் இல்லை. பேரம் முடிந்ததும் துண்டை உதறிச் சிரிப்பர். இரு மொழியார் ஒரு மண்டியில் பகையின்றிப் பல தலைமுறை பிழைத்த வித்தையை அத்துண்டின் அடியில்தான் கற்றார்கள் எனலாம்.

1957 ஏப்ரல் முதல் நாள் ரூபாய்க்குப் பதினாறு அணா என்பது போய் நூறு நயா பைசா என்பது வந்தது. 1958 அக்டோபர் முதல் வீசையும் மணங்கும் படிப்படியாகக் கிலோவுக்கு இடம் விட்டன. பழைய கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு புதிய கணக்கில் விலை சொல்ல வியாபாரிகள் சில ஆண்டுகள் திண்டாடினர். ஆனால், கடையை மூடவில்லை, கற்றுக்கொண்டனர். இதனை நாம் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. புதிய அளவைக் கற்பது பழைய அளவை அவமதிப்பதாகாது.

இன்று சித்தூர்ப் பகுதியின் பெரும் சரக்கு மாம்பழம். கிளிமூக்கு மாம்பழத்தைச் சாறெடுத்துக் கூழாக்கிப் பீப்பாய்களில் அடைக்கின்றனர். அது சென்னைத் துறைமுகம் சேர்ந்து, வளைகுடா நாடுகளுக்கும் ஐரோப்பாவுக்கும் கப்பலேறுகின்றது. தமிழக எல்லையோரத்தில் 2008-இல் தொடங்கிய ஸ்ரீசிட்டித் தொழிற்பேட்டைக்கு இரு மாநிலத்துத் தொழிலாளரும் வேலைக்குச் செல்லுகின்றனர்.

மக்கள் இருந்த இடத்தில் இருக்க, எல்லை நகர்ந்தது

நம் சங்கத்தைச் சேர்ந்த குடும்பங்களை இருவகையாகப் பிரிக்கலாம். ஒரு வகையினர் உத்தியோகத்துக்காகவும் வியாபாரத்துக்காகவும் கோயிற்பணிக்காகவும் தமிழகத்திலிருந்து வந்தவர்கள். மற்றொரு வகையினர் எங்கும் செல்லவில்லை. எல்லைதான் அவர்களைக் கடந்து சென்றது.

1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திர ராஜ்யம் அமைந்தபோது சித்தூர் ஜில்லா அதனுள் அடங்கியது. 1956 நவம்பர் முதல் நாள் ஆந்திரப் பிரதேசம் உருவாயிற்று. வடக்கெல்லைக்காக ம.பொ.சிவஞானம், மங்கலங்கிழார் முதலியோர் தமிழ்மக்களைத் திரட்டிக் கிளர்ச்சி நடத்தினர். தெலுங்கரும் தங்கள் உரிமையை விடாது வற்புறுத்தினர். எச்.வி.படாஸ்கர் நடுவராயிருந்து கூறிய முடிவின்படி, 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி தமிழகத்துக்கு வந்தது. திருவள்ளூர், பொன்னேரித் தாலூகாக்களின் சில கிராமங்கள் ஆந்திரத்துக்குச் சென்றன. திருப்பதியும் சித்தூரும் நகரியும் புத்தூரும் குப்பமும் ஆந்திரத்தில் நின்றன. தொல்காப்பியத்தின் பாயிரம் தமிழ்கூறும் நிலத்தின் வடவெல்லையாகக் குறித்த வேங்கடம் இது. அவ்வெல்லையில் வாழ்ந்த மக்கள் எந்நாளும் இருமொழியாளராகவே இருந்திருத்தல் வேண்டும்.

கோடு போட்டபின் என்ன நடந்தது? நகரியின் தறிகள் நிற்கவில்லை. புத்தூரில் எலும்பு முறிவுக்குக் கட்டுக் கட்டும் வைத்தியரைத் தேடித் தமிழகத்தார் வருவது குறையவில்லை. சித்தூரில் நோயுற்றவர் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வண்டியேறுவதும் குறையவில்லை. திருத்தணியில் பிறந்து திருப்பதியில் பள்ளிக்கல்வி பெற்ற டாக்டர் இராதாகிருஷ்ணன் 1962-இல் குடியரசுத் தலைவரானபோது இரு மாநிலத்தாரும் ‘நம்மவர்’ என்றனர். காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளையிடம் இசை பயின்றவர் சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை. சித்தூரின் பெயரைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்ட நாகையா 1945-இல் தமிழ்ப் படமாகிய ‘மீரா’விலும், 1946-இல் தெலுங்குப் படமாகிய ‘தியாகையா’விலும் நடித்தார். கலைக்கும் வணிகத்துக்கும் எல்லைக்காவலர் இலர்.

ஆனால், பள்ளிக்கூடத்துக்கு எல்லை உண்டு. ஆட்சிமொழி மாறியபின், தமிழ்ப் பாடம் படித்த பிள்ளைக்கு இங்கே வேலை கிடைக்குமா என்று பெற்றோர் அஞ்சினர். அவ்வச்சம் நியாயமானது. எல்லையோர ஊர்களில் தமிழ் பயிற்றும் பள்ளிகளில் பிள்ளைகள் குறைந்து வருவதற்கு அதுவே காரணம். அதன் பயனாக, இன்று நம் வீடுகளில் ஒரு புதிய தலைமுறை வளர்ந்திருக்கின்றது. பாட்டி பேசும் தமிழ் அவர்களுக்குப் புரியும், விடையும் சொல்லுவார்கள். ஆனால், பாட்டி எழுதிய கடிதத்தை அவர்களால் படிக்க முடியாது.

கடல் கடந்தோர் சொல்லும் பாடம்

இவ்விடத்தில்தான் தொடக்கத்தில் குறிப்பிட்ட கரிபியன் தீவுகளை மீண்டும் நினைக்க வேண்டியிருக்கின்றது. அடிமை முறை ஒழிந்தபின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேடிய பிரெஞ்சுக்காரர், புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து நம்மவரை ஒப்பந்தக் கூலிகளாய் ஏற்றிச் சென்றனர். 1853-இல் ‘ஒரேலி’ என்னும் கப்பல் மார்த்தினிக் தீவை அடைந்தது; அதே கப்பல் 1854 இறுதியில் குவாதலூப்பை அடைந்தது. 1880-களின் முடிவுக்குள் மார்த்தினிக்குக்கு 25,000 பேரும், குவாதலூப்புக்கு 42,000 பேரும் ஏறத்தாழச் சென்றனர். தமிழரும் தெலுங்கரும் அக்கப்பல்களில் கலந்தே இருந்தனர்.

அவர்கள் வழியினர் இன்றும் அங்கே உள்ளனர். முத்துசாமி, இராமசாமி, வீராசாமி என்பன அங்கே குடும்பப் பெயர்களாய் நிலைத்துவிட்டன. மாரியம்மனை ‘மாலியேமன்’ என்று வழிபடுகின்றனர். அவர்கள் சமைக்கும் மசாலாக் கறிக்குக் ‘கொலம்போ’ என்று பெயர்; நம் குழம்பு என்னும் சொல்லின் திரிபு அது என்று கூறுவாரும் உளர். குவாதலூப்பில் பிறந்த ஆன்றி சிதம்பரம் என்பவர் இந்திய வழியினர்க்குப் பிரெஞ்சுக் குடியுரிமையும் வாக்குரிமையும் வேண்டி 1904 முதல் 1923 வரை வாதாடி வென்றார். உழைப்பில் அவர்கள் தாழ்ந்தவர் அல்லர்; உரிமையில் பின்வாங்கியவர் அல்லர்.

ஆயினும், தமிழ் போய்விட்டது. பூசாரி மனப்பாடமாய்ப் பாடும் பாட்டில் தமிழ் ஒலி இருக்கின்றது. பாடுபவர்க்கும் கேட்பவர்க்கும் பொருள் தெரியாது. ஒலி எஞ்சியது, மொழி எஞ்சவில்லை. அவர்களைக் குறை கூற நமக்கு வாய் இல்லை. திரும்பிவரக் கப்பல் பலர்க்குக் கிட்டவில்லை. கடிதம் எழுத எழுத்தறிவு இல்லை. தமிழ் கற்பிக்கப் பள்ளி இல்லை. தோட்டத்து முதலாளி விட்ட ஓய்வுநேரமும் இல்லை. பல்லாயிரம் மைல் கடல் அவர்களைத் தாய்மொழியிலிருந்து பிரித்தது.

நம்மைப் பிரிப்பது எது? சித்தூரிலிருந்து வேலூர் ஒரு மணி நேரப் பயணம். திருப்பதியிலிருந்து சென்னைக்குக் காலையில் சென்று மாலையில் திரும்பலாம். தமிழ்ப் பத்திரிகை வருகின்றது. தமிழ் வானொலி கேட்கின்றது. கைபேசியில் தாத்தாவும் பாட்டியும் பேசுகின்றனர். கடல் இல்லாத இடத்தில் நாமே ஒரு கடலை வெட்டிக்கொள்வோமாயின், அதற்கு யாரை நோவது?

முதலும் வரவும்

இதனைக் கூறுவதால், தெலுங்கைப் புறக்கணிக்குமாறு நாம் சொல்லுவதாக எவரும் கருதலாகாது. இருபது ஆண்டு இவ்வூரில் குடியிருந்தும், மளிகைக் கடைக்காரரோடு தெலுங்கில் நான்கு சொல் பேச அறியாத மூத்தோர் நம்மிடையே உள்ளனர். அவர்கள் அண்டை வீட்டாரின் இன்பதுன்பங்களில் பங்குகொள்ள இயலாமல் தனித்திருக்கின்றனர். அதுவும் ஓர் இழப்பே. நமக்குச் சோறு அளிக்கும் மண்ணின் மொழியைக் கற்பது நன்றியறிதலின் முதற் படி. தெலுங்கு கற்பது தமிழருக்கு அரிய செயலும் அன்று. அம்மா, அக்கா, தாத்தா, மாமா என்னும் சொற்கள் இரு வீட்டிலும் ஒன்றே. குப்பத்தில் 1997-இல் நிறுவப்பட்ட திராவிடப் பல்கலைக்கழகம் இவ்வுறவை ஆராயவே எழுந்தது.

வணிகர் கணக்கேட்டில் முதல் என்று ஒன்று உண்டு. வரவு என்று ஒன்று உண்டு. நமக்குத் தமிழ் முதல். தெலுங்கும் ஆங்கிலமும் வரவு. வரவு பெருகட்டும்; பெருக வேண்டியதே. ஆனால், ஊதியத்தை நாடிக் கைம்முதலை இழக்கும் வணிகத்தை வள்ளுவர் அறிவுடைமை என ஒப்பவில்லை. பொன்னைப் பெட்டியில் பூட்டாமல் ஏரி வெட்டி, அதன் விளைவைக் கொண்டு நாள்தோறும் அமுது படைத்தவர்களின் ஊரில் வாழும் நமக்கு இதனை விரித்துக் கூறவும் வேண்டுமோ?

செய்ய வேண்டுவன எளியவை. வீட்டுச் செலவுக் கணக்கை ஒரு நோட்டில் தமிழில் எழுதுவோம். அதை எழுதும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுப்போம். மாதம் ஒரு முறை ஊரிலுள்ள பெரியவர்க்கு அவர்கள் கையாலேயே ஒரு கடிதம் எழுதச் செய்வோம். கோவிந்தராசர் கோயிலுக்கோ மலைக்கோ செல்லும்போது, சுவரிலுள்ள கல்வெட்டைக் காட்டி, அதில் அவர்களுக்குத் தெரிந்த எழுத்து ஒன்றையேனும் தேடச் சொல்லுவோம். பழைய எழுத்தில் ‘க’வும் ‘ட’வும் தட்டுப்பட்டால் அவர்கள் முகம் மலர்வதைக் காணலாம். தெலுங்கு நண்பர் வீட்டுப் பிள்ளை தமிழ் கற்க விரும்பினால் நம் வீட்டுத் திண்ணையில் இடம் கொடுப்போம். நம் பிள்ளையை அவர்கள் வீட்டுக்குத் தெலுங்கு கற்க அனுப்புவோம்.

நல்ல துறைமுகத்தில் சரக்கு ஒரு பக்கமாக மட்டும் போவதில்லை. போகும் கப்பலும் உண்டு, வரும் கப்பலும் உண்டு. சித்தூரும் திருப்பதியும் அத்தகைய துறைமுகங்களாய் நெடுங்காலம் இருந்து வந்துள்ளன. இனியும் அவ்வாறு இருப்பது அரசாங்கத்தாரின் கையில் மட்டும் இல்லை. மாலையில் பிள்ளையை அருகில் அமர்த்தி ‘அ’ எழுதச் சொல்லும் தாயின் கையிலும் இருக்கின்றது.